பதினொராவது கேற்

“உவதானே அந்தக் கேற்றை விட்ட பிள்ளை?”

உங்களுக்கும் கேட்டிருக்கும், அக்கா. கேட்காத மாதிரி தட்டில் இருந்த ரோல்ஸைப் பார்த்தீர்கள். பரவாயில்லை. பின் மேசையில் இருக்கிற அந்த நீலச் சேலைக்காரியை நான் இதற்கு முன் கண்டதேயில்லை. அவவுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. மாப்பிள்ளை பகுதி ஆட்கள்கூட ஒரு கேற்றை வைத்துத்தான் எனக்கு அடையாளம் சொல்கிறார்கள் என்றால் பாருங்கள்.

நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. யாரிடமும் கேட்டுப் பாருங்கள். ஒரே மேசையில் அரை மணித்தியாலமாக இருக்கிறோம், சோஸ் போத்தலைத் தரச்சொன்னது தவிர நான் உங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பாதியைக் கேட்ட ஒருவருக்கு மீதியைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. சாப்பாடும் இப்போதைக்கு வராது. பொம்பிளை மூன்றாவது சேலைக்கு மாறப் போயிருக்கிறா.

எங்களுக்கு ஒரு பனிச்சறுக்குக் கழகம் இருக்கிறது. தமிழ்க் கழகம்தான். சிரியுங்கள், எல்லோரும் சிரிக்கிறவர்கள்தான். ஸ்கீ ஆட்களும் ஸ்னோபோர்ட் ஆட்களுமாக இருபது பேர். தை மாதம் தொடங்கிப் பங்குனி வரைக்கும் ஐந்து சனிக்கிழமை, பரி நகரத்துக்கு அப்பால் ஒரு மலையில் ஓட்டப் போட்டி. மலை என்று நாங்கள் சொல்கிறோம். ஊரில் என்றால் திட்டி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். நான்தான் செயலாளர். நானாகக் கேட்டு எடுத்த பதவி இல்லை. கூட்டத்தில் யாரும் கை தூக்கவில்லை, என் கை முதலே தூக்கி இருந்தது.

கேற் என்றால் வீட்டுக் கேற் இல்லை. பனிக்குள் சிவப்பும் நீலமுமாகக் கம்புகளை நட்டு வைப்பார்கள். மேலிருந்து கீழே வரும்போது ஒவ்வொன்றையும் சரியான பக்கத்தால் சுற்றி வரவேண்டும். ஒன்றை விட்டாலும் ஓடின ஓட்டம் கணக்கில் இல்லை. இடையிடையே கேற் காவலர் என்று ஆட்கள் அட்டையும் பென்சிலுமாக நிற்பார்கள். அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் ஆட்களின் குணம்.

முதல் சனிக்கிழமை ஓடுவது பரிசுக்கான ஓட்டம் இல்லை. யார் எந்தப் பிரிவு என்று பார்க்கிற ஓட்டம். அதற்கு முதலில் ‘தரப்படுத்தல்’ என்றுதான் பெயர் வைத்திருந்தோம். ஊரில் பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கிறதில் வைத்த சொல் அது; தலைவர் பஞ்சலிங்கம் அங்கிள் மேசையில் அடித்துவிட்டார். “அந்தச் சொல்லாலை எனக்கு ஒரு கம்பஸே போனது. இஞ்சை வந்தும் அதைக் கேக்க ஏலாது” என்றார். அதனால் ‘பிரிவு ஓட்டம்’ என்று மாற்றினோம். வேகமான இரண்டு பேர் ஏ பிரிவு. அடுத்த எட்டுப் பேர் பி. மிச்சப் பத்துப் பேர் சி. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கிண்ணம். கிண்ணம் மூன்றும் ஒரே கடையில் வாங்கினவை, ஒரே உயரம்.

இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும். ஒரே உயரம் என்றால் எவர் ஏ பிரிவில் போய்க் கஷ்டப்படுவார்? பிரிவு ஓட்டத்தில் மெதுவாக ஓடினால் சி. சியில் விழுந்தால் கிண்ணம் கைக்கு எட்டும். இதைத் தடுக்க ஒரு விதியும் வைத்தோம்: முதல் நாள் ஓடின நேரத்தைவிடப் பிறகு பத்து வீதத்துக்கு மேல் வேகமாக ஓடினால் அந்த ஓட்டம் செல்லாது. விதியை எழுதினது நான்தான். நேர்மைக்காக எழுதினது.

இந்த வருசம் சீட்டுக் குலுக்கினதில் முதலாம் இலக்கம் அருள்நேசன் அங்கிளுக்கு விழுந்தது.

அருள்நேசன் அங்கிளைப் பற்றிச் சொல்லவேண்டும். பள்ளிக்கூட பஸ் ஓடுகிறவர். ஐம்பத்தொன்பது வயது. ஐம்பத்து நான்கில்தான் ஸ்கீ பழகினார். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் நாள் ஒன்று காட்டிக் கொடுப்பார்களே, இரண்டு ஸ்கீயின் முனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்துப் பிடிக்கிறது, பீற்சாத் துண்டு மாதிரி? அது பிரேக் பிடிக்கிறதுக்கு. அங்கிள் மேலிருந்து கீழ்வரைக்கும் பீற்சாதான். ஒவ்வொரு கம்புக்கும் கை காட்டித் திருப்புகிற மாதிரித் திரும்புவார். ஐந்து வருசமாக எங்கள் கழகத்தில் கடைசி. ஒரு கேற்றும் விட்டதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று அவர் முதலில் இறங்கினார். பஞ்சலிங்கம் அங்கிள் கீழே இருந்து மைக்கில் அறிவித்தார்: “இலக்கம் ஒண்டு, அருள்நேசன், ஒரு நிமிசம் ஒரு செக்கன்!”

இரண்டாவது கோகுலன். முப்பத்தைந்து செக்கனில் கீழே நிற்கிற ஆள். மேலே எங்களைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தான். “அங்கிள் ஒண்டு ஒண்டெண்டால் நான் ஒண்டு நாலிலை வாறன். பாத்துக்கொண்டு நில்லுங்கோ.” சொன்ன மாதிரியே ஒன்று நாலில் போனான். பின்னால் வருகிற பதினெட்டுப் பேரில் ஒருவராவது ஒழுங்காக ஓடுவார் என்று நம்பினதுதான் அவன் விட்ட பிழை.

மூன்றாவது ஆள் ஒன்று பதினைந்து. நான்காவது ஒன்று இருபது. அதற்குப் பிறகு மைக்கில் ஒவ்வொரு நேரம் கேட்கக் கேட்க, அடுத்தவர் அதற்கு மேல் போனார். ஏலம் கேட்ட மாதிரி. ஒருவர் ஐந்தாவது கேற்றில் நின்று காட்டைப் படம் எடுத்தார். இன்னொருவர் மாமியாரின் போனை எடுத்து, “ஓம் மாமி, ஓம் மாமி, ஓடிக்கொண்டுதான் இருக்கிறன்” என்று கதைத்தார். போர்ட் ஆட்களுக்கு இன்னும் வசதி. நடுவழியில் குந்திவிடலாம். ஒரு பெடியன் குந்தி, காலில் பட்டியை அவிழ்த்து, திரும்பக் கட்டி, பிடிக்காமல் மறுபடி அவிழ்த்தான். கடைசி ஆளுக்கு மூன்று நிமிசம் எட்டுச் செக்கன். கேற் காவலர் ஒருவர் ஆள் எங்கேயோ காட்டுக்குள் போய்விட்டார் என்று தேடிக்கொண்டு மேலே ஏறினார்.

நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். என்னிடம் ஒன்றும் தப்பாது. மற்றவர்கள் செய்வதைக் கவனிப்பது சின்ன வயதிலிருந்தே எனக்குப் பழக்கம்.

எனக்கு இலக்கம் பதினான்கு. ஒன்று ஐம்பத்திரண்டு எடுத்தது. என் கண்ணாடியில் உண்மையாகவே பனிப்புகார் பிடித்து மங்கியது. துடைக்க நின்றேன். இரண்டு தரம். பிறகு கையுறை ஒன்று விழுந்து, அதை எடுக்கத் திரும்பவேண்டி வந்தது. மற்றவர்கள் செய்தது திட்டம் போட்டு. என்னுடையது காலநிலை.

ஆக ஏ பிரிவில் இரண்டு பேர்: அருள்நேசன் அங்கிளும் கோகுலனும். கோகுலனுக்கு அடுத்த நாள் காலை முதுகில் பிடித்துக்கொண்டது. அந்தப் பருவம் முழுக்க அவன் வரவில்லை. ஓடாதவர் அடுத்த வருசம் புதிதாகப் பிரிவு ஓடலாம் என்றும் விதியில் ஒரு வரி இருக்கிறது.

பிறகு நடந்ததை நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். விதிப்படி நான் ஒன்று நாற்பத்தொன்றுக்குக் கீழே வர ஏலாது. எல்லோருக்கும் அப்படி ஒரு கணக்கு. முடிவுக் கோட்டுக்கு முன் ஆட்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நிற்பார்கள். நான் ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு இறங்குவேன். மெதுவாக இறங்குவதும் லேசான வேலை இல்லை, அக்கா. தொடை நடுங்கும். பக்கத்துப் பாதையில் போகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் நின்று, எங்களுக்கு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்பார்கள்.

மற்றவர்கள் எண்ணிப் பிழைவிட்டார்கள், சி கிண்ணம் எனக்குத்தான். நாலு ஓட்டத்திலும் ஒன்று நாற்பத்தொன்று தசம் ஏதோ. வீட்டில் ரீவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உழைத்து எடுத்தது என்ற திருப்தி தனி.

ஏ பிரிவில் அருள்நேசன் அங்கிள் மட்டும் ஓடினார். ஒவ்வொரு சனியும் பஞ்சலிங்கம் அங்கிள் மைக்கில், “ஏ பிரிவு, முதலாம் இடம், அருள்நேசன். இரண்டாம் இடம்... ஒருத்தரும் இல்லை” என்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். கொஞ்சம் கூடுதலாகவே தட்டுவார்கள், விளங்குதுதானே. அங்கிள் ஒவ்வொரு முறையும் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டு மெடலை வாங்குவார். ஒருநாள் மைக்கை வாங்கி, “நான் கெதியா ஓடுற ஆள் இல்லையெண்டு எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கேற்றும் விடேல்லை” என்றார். கோகுலனின் கூட்டாளிகள் விசில் அடித்தார்கள்.

அவருக்கு அது வினையாகிவிட்டது என்று நினைக்கிறேன். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, பின்னேரம் ஏற்றுகிற நேரத்துக்கு முன், செவ்வாய்க்கிழமைகளில் தனியாக மலைக்குப் போய்ப் பழகத் தொடங்கினார். புது ஹெல்மெற் வாங்கினார். ஒரு நிமிசம் ஒரு செக்கனில் இருந்து ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து, கடைசி ஓட்டத்தில் ஐம்பத்திரண்டு. அவரை மறிக்கலாமா என்று விதியைப் பார்த்தேன், பத்து வீதம் தாண்டிவிட்டார்தானே. ஆனால் அந்த விதியை நான் பி, சி பிரிவுகளுக்கு மட்டும்தான் எழுதியிருந்தேன். ஏயில் ஒருவர் வேகமாக ஓடினால் என்ன செய்வது என்று விதி எழுதும்போது நான் யோசிக்கவில்லை.

அப்போதுதான் கடிதம் வந்தது. சுற்றுவட்டாரத்தில் ஒன்பது கழகங்களுக்கு ஒரு ஒன்றியம் இருக்கிறது. அதன் இறுதிப் போட்டிக்கு ஒவ்வொரு கழகத்தில் இருந்தும் ஒருவர். யார் என்றால், ஏ பிரிவில் வென்றவர். இது விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இருந்ததாம். விண்ணப்பத்தை நிரப்பினது நான். இரண்டாம் பக்கத்தை யார் வாசிக்கிறார்கள்?

கோப்பிக் கடையில் அவசரக் கூட்டம். அருள்நேசன் அங்கிளுக்குச் சொல்லவில்லை. அவரைப் பற்றின கூட்டம், அவர் இருந்தால் அவருக்குத்தான் சங்கடம். கோகுலன் நேராக நடந்து வந்தான்.

“உன்ரை முதுகு சுகமோ?” என்று பஞ்சலிங்கம் அங்கிள் கேட்டார்.

“இருக்கேக்கை சுகம் அங்கிள். ஓடேக்கைதான்.” உட்கார்ந்துகொண்டு சொன்னான்: “மற்ற எட்டுக் கழகமும் வெள்ளைக்காரர். எங்கடை ஆள் பீற்சாவோடை இறங்கினால் என்ன நினைப்பினம்? தமிழர் பிரேக்கிலை காலை வைச்சுக்கொண்டு ஸ்கீ ஓடுற ஆக்கள் எண்டுதானே?”

“அந்த மனுசன் ஒண்டு ஒண்டிலை ஓடேக்கை நீ ஏன் ஒண்டு நாலிலை ஓடினனீ?” என்று பஞ்சலிங்கம் அங்கிள் கேட்டார். கோகுலன் கோப்பியைக் கலக்கினான். எல்லோரும் கோப்பியைக் கலக்கினோம்.

கடைசியில் என்னைப் பார்த்தார்கள். “ஆரணி, நீ போய்க் கதை. உனக்குத்தான் ஆக்களை நோகாமல் கதைக்கத் தெரியும்.”

நான் போனேன். விலகல் கடிதத்தை முதலே தட்டச்சு செய்து கொண்டுபோனேன், அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று. வீட்டுக் குளிர்பெட்டியில் ஒரு வாழ்த்து மட்டை ஒட்டியிருந்தது. பஸ் பிள்ளைகள் எல்லோரும் கலர் பென்சிலால் கையெழுத்து வைத்து, ஒரு மஞ்சள் பஸ்ஸுக்கு ஸ்கீ பூட்டிக் கீறியிருந்தார்கள். பஸ்ஸின் பின் சில்லு மட்டும் சரியாக வரவில்லை. இறுதிப் போட்டி நாளைக் கலண்டரில் சிவப்பால் வட்டம் போட்டிருந்தார். அவருடைய மனைவி கமலாம்பிகை அன்ரி போட்டிச் சட்டையில் மெடல் குத்துகிற இடத்தைத் தைத்துக்கொண்டிருந்தா.

நான் நோகாமல்தான் கதைத்தேன். அவருடைய முழங்காலைப் பற்றிக் கதைத்தேன். மற்ற மலை செங்குத்து என்று சொன்னேன். கழகம் என்றால் தனி ஒருவரைவிடப் பெரிது என்று சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “பிள்ளை, நான் போனால் கழகத்துக்கு வெக்கமோ?” என்றார்.

வெட்கம் என்ற சொல்லை நான் பாவிக்கவேயில்லை, அக்கா. அதை நீங்கள் கவனிக்கவேண்டும். ‘பொருத்தம்’ என்றுதான் சொன்னேன்.

“எனக்கு வெல்லுற எண்ணமில்லை. ஒருக்கால் அந்த மலையிலை, பெரிய ஆக்களோடை நிண்டு, ஒரு கேற்றும் விடாமல் கீழை வந்திட்டால் காணும். அது மட்டும்தான்” என்றார்.

பேனாவை மட்டும் நீட்டினேன். மௌனமாக இருப்பது என் இயல்பு.

அவர் கடிதத்தை வாசிக்கவில்லை. கையெழுத்து வைத்தார். அன்ரி ஊசியைச் சட்டையில் குத்திவைத்துவிட்டு எழும்பி அறைக்குள் போய்விட்டா. ஒரு தேத்தண்ணிகூடத் தரவில்லை. ஸ்காபரோவில் இருந்து ஏஜக்ஸ் வரைக்கும் வண்டி ஓடிக்கொண்டு போன ஒருத்தி. சில வீடுகளில் அந்தப் பழக்கம் இல்லை.

அவருக்குப் பதிலாக யார் என்று வந்தது. கழக விதிகள் எழுதின யாப்பில் பதினான்காம் பிரிவு: ‘தகுதியான ஒருவரைச் செயலாளர் நியமிக்கலாம்.’ கோகுலனுக்கு முதுகு. மற்ற ஆட்கள் எல்லோரும் அந்தப் பருவம் முழுக்க மெதுவாக ஓடினவர்கள், அவர்களை எப்படி அனுப்புவது? கிண்ணம் வென்ற ஆள் என்று பார்த்தால் நான் இருந்தேன். என்னை நானே நியமித்தேன் என்று சொல்வது பிழை. செயலாளர் நியமித்தார்.

ஒரு சிக்கல் மிஞ்சியிருந்தது. ஒவ்வொரு கழகமும் ஒரு கேற் காவலரையும் அனுப்பவேண்டும். குளிருக்குள் நாலு மணித்தியாலம் நிற்க யார் வருவார்கள்? குழுவுக்கு நாலு தரம் செய்தி போட்டேன். எல்லோரும் கட்டைவிரலைக் காட்டினார்கள், ஒருவரும் வருகிறேன் என்று எழுதவில்லை. ஐந்தாம் நாள் அருள்நேசன் அங்கிள் எழுதினார்: ‘ஒருத்தரும் இல்லையெண்டால் நான் வாறன் பிள்ளை.’

பார்த்தீர்களா, மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. நான் கதைத்த விதம் அப்படி. போகும்போது என்னுடைய காரிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். அன்ரி புட்டும் சம்பலும் கட்டிக் கொடுத்துவிட்டிருந்தா, ஒரு ஆளுக்கு அளவாக. அங்கிள் அதில் பாதியை எனக்குத் தந்தார். ஒன்றரை மணித்தியாலம் அவர் பாதையைப் பார்த்துக்கொண்டே வந்தார். மற்றவர் ஓடும்போது சும்மா இருப்பது ட்ரைவர்களுக்குக் கஷ்டம்.

அங்கே அவரைப் பதினொராவது கேற்றில் நிற்பாட்டினார்கள்.

மேலே ஒன்பது பேரும் வரிசையாக நின்றோம். மற்ற எட்டுப் பேரும் உடம்போடு ஒட்டின சட்டையில், கதைக்காமல், கையால் காற்றில் பாதையைக் கீறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரின் கண்ணாடியிலும் புகார் பிடிக்கவில்லை. என்னுடையதில் பிடித்தது. இந்த முறை உண்மையாக. நான் என்ன சொல்கிறேன் என்றால், இந்த முறையும் உண்மையாக.

நான் நன்றாக ஓடினேன், அக்கா. மூன்று மாதம் பிடித்து வைத்திருந்த வேகம் முழுக்க ஒரேயடியாக வெளியே வந்தது. கீழே பலகையில் நாற்பத்தொன்று தசம் ஆறு. ஒன்பது பேரில் மூன்றாம் இடம். பத்து நிமிசம் அந்தப் பலகையில் என் பெயர் இருந்தது. நான் படம் எடுத்து குழுவில் போட்டேன். பஞ்சலிங்கம் அங்கிள் கும்பிடுகிற கை மூன்று போட்டார். கோகுலன் நெருப்புப் படம் போட்டான். பிறகு ஒரு பெண் கேற் காவலர்களின் அட்டைகளோடு வந்து என் பெயரை அழித்துவிட்டா. நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் யாரோதான் பின் மேசைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். பத்தாவது கேற்றைச் சுற்றி வரும்போது வேகம் கூடிவிட்டது. பதினொராவது சிவப்பு. நான் அதன் சரியான பக்கத்தால் போனேன் என்றுதான் நினைத்தேன். கால் வேறு மாதிரிச் சொன்னது. ஒரு சந்தேகம்தான், ஒரு அடி, ஒன்றரை அடி. நான் ஸ்கீயைக் குறுக்கே போட்டு நின்றேன். கம்பு எனக்கு மேலே, அங்கிள் அதற்குப் பக்கத்தில். விதிப்படி ஓடுகிறவர் கேட்டால் காவலர் சரியா, திரும்ப வேண்டுமா என்று சொல்லவேண்டும். வேறு ஒருவரும் அதைப் பார்க்கிற இடத்தில் இல்லை. கீழே இருந்து பார்த்தால் ஒரு மேடு மறைக்கும்.

“அங்கிள், சரிதானே?” என்று கேட்டேன். சரியா என்று கேட்கவில்லை. சரிதானே என்று கேட்டேன்.

“இல்லைப் பிள்ளை. திரும்பி வாங்கோ. மூண்டு அடி ஏறினால் காணும்” என்றார். “அவசரமில்லை. நான் நிக்கிறன்.”

மூன்று அடி ஏறி, சுற்றி வர எவ்வளவு எடுக்கும்? பதினைந்து செக்கன். இருபது. அங்கிள் ஓடின ஐம்பத்திரண்டைவிடக் கூடப் போயிருக்கும். அப்படிக் கீழே போய் நின்றால் யாருக்கு என்ன பிரயோசனம், நீங்களே சொல்லுங்கள்? கழகத்துக்காக வந்த ஆள் நான்.

“அங்கிள், நாங்கள் ஒரே கழகம்” என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். நோகாமல்.

அவர் தலையை ஆட்டினார். ஓம் என்கிற மாதிரித்தான் ஆட்டினார். நான் ஸ்கீயைக் கீழ்ப்பக்கம் திருப்பினேன். தள்ளுவதற்கு முன் ஒருக்கால் திரும்பிப் பார்த்தேன்.

அருள்நேசன் அங்கிள் வலது கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, அட்டையை முழங்காலில் வைத்து, என் இலக்கத்தை எழுதி, அதற்குப் பக்கத்தில் நான் போன வழியைப் பென்சிலால் கீறினார்.